தோழனுக்குரிய மூச்சு

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் ஒரே மூச்சை நெஞ்சிலடக்கிக் கடலடிக்குச் சென்றனர். அம்மூச்சுத் தளருமுன் மேலே மீண்டனர். எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை அவர்தம் நெஞ்சே உணர்த்திற்று. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஜாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும், சூழவுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஒப்பாக, மூச்சிழுக்கும்போது மட்டும் வளி வழங்கும் கருவியை அமைத்தனர். அதன் பயனாகச் சுழியோடி முதுகிற் சுமந்த வளியைக் கொண்டு நெடுநேரம் நீரடியில் உலாவலானான். ஆனால், சிலிண்டர் வெறுமையாகுந் தறுவாய் வரை மூச்சு இலகுவாகவே வரும், நெஞ்சு எச்சரிப்பதில்லை. ஆகவே நெஞ்சு செய்த வேலையைக் கணக்குச் செய்தல் வேண்டும்.

அக்கணக்கு, வகுப்பறையில் நாம் கற்பிக்கும் போயிலின் விதியே. கடல்மட்டத்தில் வளியமுக்கம் ஏறக்குறைய 1 பார். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் மேலும் 1 பார் கூடும். 30 மீற்றரில் அமுக்கம் 4 பார் ஆதலால், ஒவ்வொரு மூச்சும் கரையிலிழுப்பதைப்போல் நான்கு மடங்கு வளியைக் கொள்ளும். 12 லீற்றர்ச் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் அடைத்தால் ஏறக்குறைய 2,400 லீற்றர் வளி உண்டு. நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவனுக்கு அது கரையில் இரண்டு மணி நேரம் போதும். 30 மீற்றரிலோ அரைமணி நேரமே. 1942ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மெஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே இதே சிலிண்டர் 20 நிமிடமும் நில்லாது. பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்கு 40 மீற்றரே எல்லை என வகுத்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இனி, 30 மீற்றரிற் கிடைக்கும் அவ்வரைமணி முழுவதும் சுழியோடிக்குச் சொந்தமா? அன்று. அருகில் வரும் தோழனின் கருவி பழுதுபட்டதெனக் கொள்வோம். இருவரும் ஒரே சிலிண்டரை நம்பி மேலேறவேண்டும். அச்சத்தில் மூச்சு விரைவதால் ஆளுக்கு 30 லீற்றர், இருவர்க்கும் நிமிடத்துக்கு 60 லீற்றர் எனக் கணக்கிடுவோம். நிலைமையை உணர்ந்து செயற்பட ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறுவதற்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். உடலிற் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற 5 மீற்றரில் மூன்று நிமிடத் தரிப்பு. அந்தந்த ஆழத்து அமுக்கத்தாற் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 1,100 லீற்றர் வரும். அஃதாவது 90 பாருக்கும் அதிகம்! சிலிண்டரின் பாதிக்குச் சற்றே குறைந்த வளி, தோழனோடு கரைசேர்வதற்கென ஒதுக்கப்பட்டது. அமுக்கமானியின் ஊசி 100ஐ அடையும்போதே மேலேறத் தொடங்குபவனே அறிவுடையவன்.

ஒதுக்கிய வளியைக் கொடுக்க வழியும் வேண்டும். இதற்காகவே இக்காலச் சுழியோடிகள் மஞ்சள் நிறக் குழாயுடன் இரண்டாவது வாய்க்கருவி ஒன்றை மார்பிற் பொருத்திச் செல்கின்றனர். நீரில் இறங்குமுன் அதில் மூச்சிழுத்துப் பார்த்தலும், நீரடியில் அடிக்கடி ஒருவர்க்கொருவர் அமுக்கமானியைக் காட்டுதலும் கட்டாயமாகும். மேலேறுகையில் மூச்சை அடக்குதல் ஒருபோதும் கூடாது. 10 மீற்றரில் நுரையீரலை நிரப்பிய வளி, கடல்மட்டத்தில் இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நேரே மேலேற இயலாத நீர்க்குகைகளிற் புகுவோர் இன்னுங் கண்டிப்பானவர். மூன்றிலொரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, எஞ்சியது இடருக்கு என வகுத்துக்கொள்வர்.

பஞ்சகாலத்திலும் கமக்காரன் விதைநெல்லை உலையிலிடுவதில்லை. அது களஞ்சியத்தில் இருப்பினும் உணவுக்கணக்கிற் சேராது. சுழியோடியின் சேமிப்பு வளியும் அத்தகையதே. இன்னும் ஐந்து நிமிடம் பவளப்பாறையைப் பார்ப்போம் என்று அதிற் கைவைப்பவன் செலவிடுவது தன் வளியையன்று; தன் தோழனின் உயிரையே.