எழுத்துக்கு ஓர் எண்

மும்பை டப்பாவாலாக்கள் சுமந்து செல்லும் உணவு டப்பாக்களின் மூடியை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன்மேல் சில எழுத்துகளும் எண்களும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். செம்பூரில் ஒரு வீட்டில் பெற்ற டப்பா பல கைகள் மாறி, ரயிலேறி, கோட்டைப் பகுதியிலுள்ள அலுவலகத்தை அடைகிறது. அக்குறிகளுக்கு அனைவரும் ஒரே பொருள் கொள்வதே அதற்குக் காரணம்.

1990களில் தமிழ்க் கணினி உலகில் அத்தகைய உடன்பாடு இல்லை. கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. அது எண்களையே சேமிக்கும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை எழுத்துரு செய்தோர் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். ஆகவே, தாராவியில் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் எழுதிய கடிதத்தைத் திருநெல்வேலியிலுள்ள உறவினர் திறந்தால், அதே எழுத்துரு அவரிடம் இல்லாதபோது, பொருளற்ற குறிகளே திரையில் தெரிந்தன. ஒரு மென்பொருளில் எழுதியதை வேறொன்றுக்கு மாற்றும்போதும் பெரும்பாலும் இதே நிலைதான்.

இக்குறையைக் களைய 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் அறிஞர்கள் மாநாடு கூட்டினர். சென்னை மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியீடுகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. உலகத் தமிழர் சிலர் இணையவழி விவாதித்து வகுத்த திஸ்கியும் வழக்கில் இருந்தது. பொதுத்தரம் ஒன்றை நாடியவர்களுக்குப் பல தரங்கள் வாய்த்தது வேடிக்கைதான்! இறுதியில், உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறியே, அதாவது யூனிகோடே, நிலைபெற்றது.

ஒருங்குறி குறையற்றதன்று. அதன் தமிழ்ப் பகுதி, இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டைப் பின்பற்றி அமைந்தது. நீங்கள் பள்ளியில் படிக்கும் தேவநாகரி எழுத்துகளில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று எழுத்துகள் உள்ளன அல்லவா? தமிழ்ப் பகுதியில் அம்மூன்று இடங்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. ழ, ற, ன ஆகியவை நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. 'கி' என்பது ஓரெழுத்து. ஆயினும் அதற்கு இரண்டு எண்கள் தேவை. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் வேண்டும் என்று பலர் வாதிட்டனர். அவ்வாறு அமைந்த டேஸ்16 குறியீட்டையும் ஒருங்குறியுடன் சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றது.

அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும், சிலரிடம் மட்டும் உள்ள செம்மையான தரத்தைவிட, எல்லோரிடமும் உள்ள குறையுள்ள தரமே மேல் என்பது என் கருத்து. டப்பா மூடியிலுள்ள குறி அழகாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த கைக்குப் புரிந்தால் போதும்.

இன்று மாட்டுங்காவிலிருந்து அனுப்பும் தமிழ்ச் செய்தி எவ்வூர்ச் செல்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. நாமோ ஊரிலுள்ள பாட்டிக்கு ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுகிறோம்! அதில் பழம், பலம், பாலம் ஆகிய மூன்றையும் ஒரே ஐந்தெழுத்தால் எழுதுவோர் உண்டு. பாட்டி எதைப் படிப்பார்? இயந்திரங்களிடையே அரும்பாடுபட்டு ஏற்படுத்திய உடன்பாட்டை நாமே கைவிடுவது சரியன்று. செல்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைக்கச் சில நிமிடங்களே ஆகும். முதலில் விரல்கள் தடுமாறும். ழகரத்தைத் தேட வேண்டியிருக்கும். தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடப்புறம் அமைந்திருப்பதால், அது விரைவில் பழகிவிடும்.