காகிதத்தில் விடுபட்ட ஒரு வரி

பட்டாளத்துக்குப் போன அமெரிக்கர் ஒருவர் வீடு திரும்பும்போது கையில் என்ன கொண்டுவருவார்? சிலர் காயம் கொண்டுவருவார்கள். சிலர் கதை கொண்டுவருவார்கள். ஆனால், எல்லாரும் தவறாமல் கொண்டுவருவது ஒரு காகிதம். அதற்கு ‘டி.டி. 214’ என்று பெயர். 1950-லிருந்து அந்தப் பெயர். அதற்கு முன்னால் வேறு பெயரில் அதே மாதிரிக் காகிதம் இருந்தது.

என்று சேர்ந்தார், என்று விடுபட்டார், என்ன வேலை பார்த்தார், என்னென்ன மெடல் வாங்கினார் எல்லாம் அதில் இருக்கும். வீடு வாங்கக் கடன் வேண்டுமா, சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் வேண்டுமா, கடைசியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டுமா, எதற்கும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே அதைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள்.

இத்தனை மதிப்புள்ள காகிதத்துக்கு ஒரு குறை உண்டு. அது ஒரு போட்டோ மாதிரி. பட்டாளத்தை விட்டு வெளியேறும் நாளில் என்ன தெரியுமோ அது மட்டும்தான் அதில் பதியும். அதற்கு அப்புறம் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. “அப்புறம் என்ன நடந்துவிடப் போகிறது? மனிதர்தான் வீட்டுக்கு வந்துவிட்டாரே!” என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ராணுவத்தில் விருது இரண்டு தினுசு. ஒன்று, தனி மனிதனுக்குக் கொடுப்பது. இன்னொன்று, ஒரு படைப்பிரிவு முழுவதுக்கும் சேர்த்துக் கொடுப்பது. ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். வடத்தின் நுனியைப் பிடித்தவர் மட்டுமா தேரை நகர்த்தினார்? சக்கரத்துக்குக் கட்டை போட்டவருக்கும் நீர்மோர் கொடுத்தவருக்கும் அதில் பங்கில்லையா? பிரிவு விருதின் தத்துவமும் அதுதான். பீரங்கி சுட்டவன், வண்டியைப் பழுது பார்த்தவன், ரொட்டி சுட்டவன் எல்லாருக்கும் அது பொது.

அமெரிக்க ராணுவத்தில் இப்படிப்பட்ட விருதுகளில் தலையாயது ஜனாதிபதியின் பெயரால் கொடுக்கப்படுவது. 1942-ல் ஏற்பட்டது, 1966-ல்தான் ஜனாதிபதியின் பெயர் அதோடு சேர்ந்தது. தங்க நிறச் சட்டத்துக்குள் ஒரு நீல ரிப்பன், அவ்வளவுதான். அதை மார்பின் வலது பக்கம் அணிவார்கள். விருது கிடைத்த சண்டையில் அந்தப் பிரிவில் இருந்தவனுக்கு அது ஆயுள் முழுக்கச் சொந்தம். பின்னால் வந்து சேர்ந்தவன் அந்தப் பிரிவில் இருக்கும் வரையில் அணியலாம். வேறு பிரிவுக்குப் போனால் கழற்றிவிட வேண்டும். ஆகவே, ‘அந்தச் சமயத்தில் நீ அங்கே இருந்தாயா?’ என்ற ஒரே கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இனி 761-வது டாங்கிப் படையின் கதைக்கு வருவோம்.

இது கறுப்பு இனத்துச் சிப்பாய்களின் படை. அதிகாரிகளில் சிலர் மட்டும் வெள்ளையர். வெள்ளையர் பட்டாளம் வேறு, கறுப்பர் பட்டாளம் வேறு என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. ‘கறுப்பர்களால் டாங்கி ஓட்டிச் சண்டை போட முடியுமா?’ என்று பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். 1942-ல் லூயிஸியானாவில் படை தொடங்கப்பட்டது. பயிற்சி, பயிற்சி, பயிற்சி என்றே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. 1944 அக்டோபரில் பிரான்ஸில் இறங்கினார்கள். ஜெனரல் பாட்டனின் சேனையோடு சேர்ந்து நவம்பரில் சண்டை ஆரம்பம். அப்புறம் 183 நாள் போர்முனையிலேயே கழிந்தது! பெல்ஜியத்தின் பனியில் போரிட்டு, ஜெர்மனியின் அரண்களை உடைத்துக்கொண்டு, 1945 மே மாதம் ஆஸ்திரியாவில் ரஷ்யத் துருப்புகளைச் சந்திக்கும் வரையில் அவர்கள் ஓயவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு படைக்கு விருது தர வேண்டுமென்று சிபாரிசு போயிற்று. பலிக்கவில்லை. 1948-ல் ஜனாதிபதி ட்ரூமன், ராணுவத்தில் நிற வித்தியாசம் கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகும் 761-க்கு விடிய முப்பது வருஷம் ஆயிற்று. 1978 ஜனவரியில், ஜனாதிபதி கார்ட்டர் காலத்தில்தான், அந்த நீல ரிப்பன் படைக்குக் கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1945-ல் இருபத்திரண்டு வயதில் டாங்கி ஓட்டிய பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். விருது வந்தபோது அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. பேரன் பேத்தி எடுத்திருப்பான். அவன் பெட்டியில் இருக்கும் காகிதத்தில் அந்த விருது எப்படி இருக்கும்? இருக்காது. அதை எழுதிய குமாஸ்தா ஜோசியர் அல்லவே!

சரி, ‘சர்க்கார் தாமாகவே எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதிப்போட்டுக் காகிதத்தைத் திருத்திக் கொடுக்கக் கூடாதோ?’ என்றால், அந்த வழக்கம் இல்லை. விருது படையின் கொடியில் போய் ஏறிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்விட்ட மனிதனைத் தேடி அது போகாது. அவன்தான் கேட்க வேண்டும். சுவாமி வரம் கொடுத்தாலும் பூசாரியிடம் மனுப் போட்டாக வேண்டும் என்பது நம் ஊர் நியாயம் மட்டுமல்ல போலிருக்கிறது!

கேட்கப் போனால் அங்கே இன்னொரு விபரீதம் காத்திருக்கிறது. பழைய சிப்பாய்களின் தஸ்தாவேஜுகள் எல்லாம் ஸெயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான கட்டிடத்தில் இருந்தன. 1973 ஜூலை 12-ந் தேதி, நள்ளிரவு கழிந்த சற்று நேரத்துக்கெல்லாம், அதன் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. தீயைக் கட்டுக்குள் கொண்டுவர 22 மணி நேரம் ஆயிற்று. புகைச்சல் அடங்க நான்கு நாளுக்கு மேல் ஆயிற்று. சாம்பலான கட்டுகள் 1 கோடி 60 லட்சத்திலிருந்து 1 கோடி 80 லட்சம் வரை. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் தஸ்தாவேஜுகளில் நூற்றுக்கு எண்பது போயே போய்விட்டது. பிரதி எடுத்து வைக்கவில்லை. அட்டவணையாவது உண்டா? அதுவும் இல்லை.

தீ தின்றது போக மிச்சத்தைத் தண்ணீர் நனைத்துவிட்டது. நனைந்த கட்டுகளைப் பால் புட்டி வைக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி, ஒரு விமானக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஆகாயத்துக்கு அப்பாலுள்ள சூனிய வெளி எப்படி இருக்குமோ அதுபோல் செய்து பரிசோதிப்பதற்காக அங்கே காற்றில்லாத பெரிய அறை ஒன்று இருந்தது. அதில் வைத்துக் காகிதத்தை உலர்த்தினார்கள்! அப்படியும் இப்படியுமாகச் சுமார் 65 லட்சம் கட்டுகளைக் காப்பாற்றினார்கள் என்றால் அந்தச் சிப்பந்திகளின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

நம்முடைய டாங்கிக்காரரின் நிலைமை இப்போது என்ன? 1945-ல் சண்டை முடிந்தது. 1973-ல் தஸ்தாவேஜு எரிந்தது. 1978-ல் விருது வந்தது. எந்த ஆபீஸ் ‘இவர் அங்கே இருந்தார்’ என்று சொல்ல வேண்டுமோ, அந்த ஆபீஸிடம் அதைச் சொல்லக் காகிதம் இல்லை.

ஆனாலும் வழி அடைந்துவிடவில்லை. ராணுவத்தில் ஒவ்வொரு கம்பெனியிலும் தினந்தோறும் காலையில் ஒரு கணக்கு எழுதுவார்கள். யார் புதிதாக வந்தார், யார் மாற்றலானார், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார், யார் இறந்தார் என்பதுதான் கணக்கு. ‘காலை அறிக்கை’ என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், நோய் நொடி இல்லாமல் தினமும் ஒழுங்காக இருந்தவன் பெயர் அதில் வரவே வராது! மாறுதலை மட்டும்தான் எழுதுவார்கள். ஆகவே, அவன் வந்து சேர்ந்த நாளின் தாளையும், விட்டுப் போன நாளின் தாளையும் கண்டுபிடிக்க வேண்டும். இடையில் பெயர் இல்லாவிட்டால், அந்த மௌனமே அவன் அங்கே இருந்தான் என்பதற்குச் சாட்சி. சம்பளப் பட்டியல், வீட்டுக்கு எழுதிய கடிதம், உடனிருந்த தோழரின் வாக்குமூலம் இவையும் துணைக்கு வரும்.

அத்தாட்சி தெளிவாக இருந்தால் அதிக வழக்கில்லாமலே திருத்தித் தந்துவிடுவார்கள். பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுப் புதிது எழுதுவதில்லை. ‘டி.டி. 215’ என்று ஒரு திருத்தத் தாள் கொடுப்பார்கள். அதைப் பழையதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு எழுதியது தப்பு என்பதும் தெரிகிறது, திருத்தியதும் தெரிகிறது. நேர்மையான முறைதான்.

ஆபீஸ் மறுத்துவிட்டால் மேலே ஒரு சபை உண்டு. ராணுவத் தஸ்தாவேஜுகளைத் திருத்துவதற்கென்றே ஏற்பட்ட சபை. இதில் உட்காருகிறவர்கள் சிப்பாய்கள் அல்ல, சிவில் உத்தியோகஸ்தர்கள். இதற்குச் சட்டம் 1946-ல் வந்தது. அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு தனி மனிதனுடைய காகிதத்தைத் திருத்த, அமெரிக்கக் காங்கிரஸில் தனியாக ஒரு மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்! ஒரு வரிக்கு ஒரு சட்டம்! அலுத்துப்போய்த்தான் சபையை ஏற்படுத்தினார்கள்.

பிழை தெரியவந்த மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால், நியாயத்தை முன்னிட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தவும் சபைக்கு அதிகாரம் உண்டு. சிப்பாய் காலமாகிவிட்டால் மனைவி மக்கள் மனுச் செய்யலாம். நிரூபிக்கும் பாரம் மட்டும் மனுதாரர் தலையில்தான். ‘இவ்வளவு கெடுபிடி எதற்கு?’ என்று நமக்குக் கோபம் வரலாம். போகாத போருக்கு மெடல் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களே! கேட்டவருக்கெல்லாம் ரிப்பன் கொடுத்தால், கிடைத்தவருக்கு அதில் என்ன பெருமை?

இது ஏதோ ஒரு படைக்கு நேர்ந்த அபூர்வ சம்பவம் என்று எண்ண வேண்டாம். வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தரைப்படை முழுவதுக்கும் தென்வியட்நாம் சர்க்கார் கொடுத்த பிரிவு விருது ஒன்றை, 1974-ல் ஒரே உத்தரவில் அறிவித்தார்கள். 1965-லிருந்து அங்கே போய் வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் வீடு திரும்பியிருந்தார்கள். 1970 மார்ச் 26-ந் தேதி, கம்போடியா எல்லைக்கு அருகில் காட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு கம்பெனியை, ‘ஆல்பா’ என்ற கவசப்படைப் பிரிவு மரங்களை முறித்துக்கொண்டு போய் மீட்டது. அந்தப் பிரிவுக்கு ஜனாதிபதி விருது வெள்ளை மாளிகையில் 2009 அக்டோபரில் ஒபாமா கையால் கிடைத்தது. அந்தப் பிரிவின் காப்டன் பாயின்டெக்ஸ்டர், தம் ஆட்களுக்கு உரியது கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு பல வருஷம் சளைக்காமல் பாடுபட்டதன் பலன் அது. இருபது வயதில் போனவர்கள் அறுபது வயதில் வந்து நின்றார்கள்.

இதில் பணம் வருமா? காலணா வராது. பின் எதற்காக இந்தப் பாடு?

அந்த டாங்கிக்காரரையே மறுபடியும் நினைத்துப் பாருங்கள். ‘உன்னால் முடியாது’ என்று சொல்லி அனுப்பினார்கள். முடித்துக் காட்டிவிட்டு வந்தார். வந்த பிறகு ஊரில் அவருக்குத் தனிப் பெஞ்சி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய். அவரைப் பற்றி சர்க்கார் கைப்பட எழுதிய காகிதம் ஒன்றே ஒன்று. அதில் ஒரு வரி குறைகிறது. அந்த வரி அவருக்கு நகை அல்ல, நாணயம். “நான் அங்கே இருந்தேன், இது நடந்தது” என்று சர்க்காரே ஒப்புக்கொள்வது.

இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் கண்டவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். வியட்நாமுக்குப் போனவர்களும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மனு எழுத மகளும் பேரனும் இருப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாதம், பக்கத்து டாங்கியில் யார் இருந்தார் என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். சாப்பாடு முடிந்து சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். பெட்டியில் இருக்கும் காகிதத்தையும் ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லலாம். படித்துக்கொண்டே வரும்போது, “இது இதில் இல்லையே!” என்று அவரே சொல்லக்கூடும்.