சபை இல்லாத நகரங்கள்

உள்ளூராட்சித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டபோது நம் எழுத்தாளர் பலர் அதைப் பொருட்படுத்தவேயில்லை. "கான் வெட்டவும் லைட் போடவும் ஒரு தேர்தலா? ஆணையாளர் பார்த்துக்கொள்வார்" என்ற பேச்சை இலக்கியக் கூட்டங்களின் தேநீர் வேளையில் பலமுறை கேட்டிருக்கிறேன். கிராமத்து வாத்தியாரான எனக்கு இந்த அலட்சியம் விளங்கவில்லை.

நகரத்து மனிதன் பாராளுமன்றத்தைப் பத்திரிகையில்தான் பார்க்கிறான். மாநகரசபையோ விடிந்தது முதல் அவன் வாசலில் நிற்கிறது. குப்பை வண்டி, தெரு விளக்கு, கர்ப்பிணி மகள் போகும் கிளினிக், இறைச்சிக்கடை அனுமதிப்பத்திரம், சோலைவரித் துண்டு, பிள்ளை வாசிக்கப் போகும் நூலகம், எல்லாம் அதன் கையில். 1981 இல் யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்டதும் மாநகரசபையின் நூலகமே. அந்த நூல்களுக்காக இன்றும் கவிதை எழுதுகிறோம். நூலகம் நடத்தும் சபைகளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

கொழும்பையே எடுத்துக்கொள்வோம். 2009 இல் புளூமெண்டல் குப்பைமேடு மூடப்பட்டபின் நகரத்தின் கழிவு மீதொட்டமுல்லையில் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டனர். அன்று கொழும்பு மாநகரசபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2018 பெப்ரவரித் தேர்தல்வரை அதிகாரிகளே நடத்தினார்கள். தெரிவான சபை இருந்த காலத்திலும் மேடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் அடியில் குடியிருந்தோர் மாநகர எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். தங்கள் தலைமேல் குப்பை கொட்டிய சபைக்கு வாக்களிக்க அவர்களுக்கு உரிமையே இருக்கவில்லை. 2019 இல் கொழும்பின் குப்பை லொறிகள் புத்தளத்து அருவக்காட்டுக்குப் புறப்பட்டன. புத்தளத்தார் வீதிக்கு இறங்கிக் கத்தினார்கள். அவர்களுக்கும் கொழும்பில் வாக்கில்லை.

இருந்த வாக்கையும் பிறகு பறித்தார்கள். 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த தேர்தல் காசில்லை என்று நின்றது. அதே மாதம் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 வரை, இரண்டு வருடத்துக்கு மேல், ஆணையாளர்களும் செயலாளர்களும்தான். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமே சொன்னது. நம் சஞ்சிகைகளோ வழக்கம்போல் நினைவஞ்சலி எழுதிக்கொண்டிருந்தன.

ஆணையாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவரைக் காண வேலைநாளில் அரைநாள் லீவு போட்டு, கடிதம் கொடுத்து, முத்திரை வாங்கி வர வேண்டும். கூலிக்காரன் அந்த அரைநாளுக்கு எங்கே போவான்? வட்டார உறுப்பினர் என்றால் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் பிடித்துக்கொள்ளலாம். ஆள் மோசமென்றால் அடுத்த முறை தோற்கடிக்கலாம். ஆணையாளரைத் தோற்கடிக்க வழியில்லை. 2018 இல் 25 வீத ஒதுக்கீட்டில் பெண்கள் முதன்முறையாகப் பெருந்தொகையில் சபைகளுக்குள் வந்தார்கள். வீட்டுக்குள் கான் தண்ணீர் வந்தால் வாளியும் துடைப்பமும் யார் கையில் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். சபைகள் இல்லாமற்போனபோது அவர்களின் குரலும் இல்லாமற்போனது. நம் பெண்ணியக் கட்டுரைகளில் இதை நான் காணவில்லை.

"குப்பையும் கானும் இலக்கியமாகாது" என்பார்கள். மழையை மட்டும் ஆகும் என்று யார் சொன்னது? அடுத்த மழைக்காலக் கதையை எழுதப் போகிறவர், அந்தத் தண்ணீர் எந்தக் கானில் அடைபட்டு, எந்தச் சபையின் எல்லையில், யார் வீட்டுக்குள் ஏறுகிறது என்று ஒருதரம் விசாரித்துவிட்டு எழுதட்டும்.