திரை இருண்டால் தொலைக்காட்சி தீர்ந்துவிட்டதா?





காரைக்காலில் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் எல்.இ.டி. தொலைக்காட்சிகள் பலவற்றுக்கு ஒரே விதமான முடிவு வருகிறது. ஒலி கேட்கும், படம் தெரியாது. "பேனல் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்ற ஒரு சொல்லோடு அது பழைய சாமான் கடைக்குப் போய்விடுகிறது. அந்தச் சொல்லைச் சோதிக்காமல் ஏற்பது வீண்விரயத்தின் வாசல் என்பதே என் கருத்து.

படத்தைக் காட்டும் கண்ணாடித் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் பின்னே பட்டைகளில் வரிசையாகப் பதித்த சிறு எல்.இ.டி. விளக்குகளே ஒளி தருகின்றன. இதையே 'பேக்லைட்' என்பர். கல்யாண வீட்டுச் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் முழுச் சரமும் அணைவதைப் போல, தொடராக இணைக்கப்பட்ட இவற்றில் ஒன்று பழுதானாலும் திரை முழுதும் இருளக்கூடும்.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியை இயக்கி, திரையருகே டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் நலமாக உள்ளது, பின்னொளிதான் பழுது. பட்டைகளை மாற்றினால் போதும்.

"மதரஸா உஸ்தாதுக்குத் தொலைக்காட்சியைப் பற்றி என்ன பேச்சு?" எனச் சிலர் கேட்கலாம். அதில் எதைப் பார்க்கிறோம் என்பது தனிக் கேள்வி. அதற்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் வாங்கிய பொருளை, சரிசெய்ய முடிந்தும் எறிவது இஸ்ராஃப் அல்லவா? வீண்விரயம் செய்வோரைத் திருக்குர்ஆன் ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பழுது நீக்குவது வறுமையின் அடையாளமன்று. அது சுன்னத்தான பண்பு.

பழுது நீக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியும். பட்டை பழுதைப் பேனல் பழுது என்பதும் அவ்வகை மறைப்பே. ஒரே ஒரு விளக்கை மாற்றி அனுப்பினால், அதே வயதுடைய மற்றவை விரைவில் அணையும். முழுத் தொகுதியையும் மாற்றுவதே அமானிதம். வாடிக்கையாளரும் உழைப்புக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் உடனே கொடுக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்: மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள கபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும், பழகாதவர் திறக்க வேண்டாம். பேனல் மெல்லிய கண்ணாடி. பெரிய திரையை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். சரிசெய்த பின் அமைப்புகளில் 'பேக்லைட்' அளவைக் குறைத்து வையுங்கள். சூடு குறைந்து ஆயுள் கூடும்.

பேனலே விரிசல் கண்டிருந்தால் செலவு பொருளின் மதிப்பை மிஞ்சிவிடும். அப்போது விட்டுவிடுவதில் குற்றமில்லை. ஆனால் அரசலாற்றங்கரையில் கொட்டாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் தொலைக்காட்சியும் அடங்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

புதியதற்குப் பணம் எடுக்குமுன் டார்ச்சை எடுங்கள். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை ஏழை மாணவருக்கு ஸதகாவாக்கினால், அதன் ஒளி மறுமைக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.