ஆலைக்கொட்டகையைப் பெண்கள் எடுத்து நடத்த முடியுமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். பத்து வருடத்துக்கும் மேலாக வெல்ல ஆலைக்கொட்டகையில் கூலி வேலை செய்கிறோம். நாங்கள் வேலை பார்க்கும் கொட்டகையின் உரிமையாளர், வயதாகிவிட்டதால் அதைக் குத்தகைக்கு விடப்போகிறார். நாமே எடுத்து நடத்தினால் என்ன என்று பேசிக்கொண்டோம். "ஆலை ஓட்டுவதும் ஏலத்துக்குப் போவதும் பொம்பளைகளால் ஆகிற காரியமா?" என்று வீட்டிலும் ஊரிலும் கேட்கிறார்கள். இப்படிப் பெண்கள் எடுத்து நடத்திய தொழில் எங்காவது உண்டா? இறங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?
– மகளிர் குழு உறுப்பினர்கள், ஜேடர்பாளையம்.

பதில்: ராஜ வாய்க்கால் தண்ணீரில் கரும்பு விளையும் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் ஆலைக்கொட்டகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அங்கே சக்கையைக் காயப்போடுவதும், காய்ந்ததை அடுப்புக்குச் சுமப்பதும், கை பொறுக்காத சூட்டில் உருண்டை பிடிப்பதும், சாக்கில் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆலை, கொப்பரைப் பதம், ஏலம், கணக்கு நோட்டு ஆகிய நான்கும் ஆண்கள் கையில். ஆக, வேலை தெரியுமா என்பதல்ல பிரச்சினை. அந்த நான்கும் குழுவின் கைக்கு வருமா, வந்தால் நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கடினமான தொழில் ஒன்றைத் தமிழ்நாட்டுப் பெண்கள் எடுத்து நடத்தியிருக்கிறார்கள். அது கல்குவாரி.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்த மாவட்டத்தில் குடுமியான்மலை போன்ற இடங்களில் கல் உடைக்கும் தொழில் ஒப்பந்ததாரர்களிடம் இருந்தது. பாறை அரசுடையது, உடைப்பது ஏழைப் பெண்களும் அவர்கள் குடும்பமும், லாபம் நடுவில் இருப்பவருக்கு. கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்களும் அதில் இருந்தன. ஆட்சியர் செய்த காரியம் எளிமையானது. டுவாக்ரா திட்டத்தில் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, குவாரிக் குத்தகையை அந்தக் குழுக்களின் பெயருக்கே கொடுத்தார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள் பெண்கள் கைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் நேற்றுவரை கூலிக்கு உடைத்த அதே கல்லை இன்று தங்கள் கல்லாக விற்றார்கள். லாரிக்காரரிடம் விலை பேசினார்கள், அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினார்கள். சம்மட்டி பிடிப்பது ஆண்கள்தான் என்று சொன்னவர்களுக்கு, அதுவரை அந்தச் சம்மட்டியைப் பிடித்திருந்தது யார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அதே காலத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்று சிலர் சொன்னார்களாம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஏலத்துக்கும் வங்கிக்கும் யாராவது வந்து அழைத்துப்போக வேண்டும் என்றால் தொழில் அந்த 'யாராவது' கைக்குத்தான் போகும். குழுவில் இரண்டு பேருக்காவது வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டைக் கதை அதோடு முடியவில்லை. ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆட்சியர் மாறிப்போனார். குத்தகைக் காலம் முடிந்தபோது பழைய கைகள் திரும்ப வந்தன. பெரும்பாலான குவாரிகள் குழுக்களை விட்டுப் போய்விட்டன. பெண்களால் நடத்த முடியவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, நடத்திக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் உரிமை ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்திலும் குறுகிய காலக் காகிதத்திலும் நின்றது. ஜேடர்பாளையம் குழு நினைவில் வைக்க வேண்டிய இடம் இதுதான்.

கொங்கு நாட்டிலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2024 செப்டம்பரில் நூறு வயதைத் தாண்டி மறைந்தார். அவரை எல்லோரும் இயற்கை விவசாயியாகத்தான் அறிவார்கள். அவர் முதலில் நடத்தியது கடை. பலசரக்கும் சாப்பாடும் விற்ற வருமானத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் வாங்கினார். வயதான காலத்தில் இரண்டரை ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை பாடுபட்டார். யார் மாறிப்போனாலும் அந்த நிலம் அவருடையதாகவே இருந்தது.

குழுவால் உடனே கொட்டகையை வாங்க முடியாது. குத்தகைப் பத்திரத்தையாவது சரியாக எழுத வேண்டும். வாய்வார்த்தை கூடாது. ஒரு வருடக் குத்தகையில் இறங்குவது வீண். ஆலையைப் பழுது பார்த்து, அடுப்பைச் சரி செய்து, ஆட்களைப் பழக்குவதற்குள் வருடம் ஓடிவிடும். குறைந்தது மூன்று வருடம் கேட்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பத்திரம் குழுவின் பெயரில் இருக்கட்டும், கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ வேண்டாம். ஆலையின் பல்சக்கரம் உடைந்தால் செலவு யாருடையது, கொப்பரை ஓட்டையானால் யார் மாற்றுவது, மின் கட்டணம் யார் கட்டுவது, மிஞ்சும் சக்கை யாருக்கு, உரிமையாளர் விற்க நினைத்தால் குழுவுக்கு முதலில் கேட்கும் உரிமை உண்டா என்பதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் சண்டை வருவது இந்தச் சின்ன விஷயங்களில்தான்.

அடுத்தது பதம். கொப்பரையில் பாகு பதம் பார்ப்பவர் ஒருவரே இருந்தால், அவர் கோபித்துக்கொண்டு போகும் நாளில் கொட்டகை நின்றுவிடும். இதைக் குழுவில் இரண்டு பேர் கற்றே ஆக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் பாகை விட்டு உருட்டிப் பார்ப்பது பழைய முறை. அதோடு ஒரு வெப்பமானியும் வாங்கிக்கொண்டால் கற்பது சுலபம். உருண்டை வெல்லத்துக்குப் பாகு 118 டிகிரி செல்சியஸ் அளவில் இறக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரைக்கு 120 டிகிரிக்குச் சற்று மேலே போக வேண்டும். தேர்ந்த கைக்கு வெப்பமானி தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் தேர்ந்த கை ஆவதற்குள் எத்தனை கொப்பரை தீயும் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இனி கணக்கு. நல்ல கரும்பு ஒரு டன்னுக்குச் சுமார் 100 கிலோ வெல்லம் கொடுக்கும். ஒரு பேச்சுக்கு, கரும்பு விலை, வெட்டுக்கூலி, வண்டி வாடகை, கொட்டகைச் செலவு எல்லாம் சேர்ந்து டன்னுக்கு 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கிடைத்தால் 30 கிலோ சிப்பத்தின் அடக்க விலை 1,200 ரூபாய். அதே கரும்பில் 90 கிலோதான் கிடைத்தால் சிப்பம் 1,333 ரூபாய். அந்த 133 ரூபாயில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது. ஆகவே முற்றாத கரும்பை வாங்கக் கூடாது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் ஆட்ட வேண்டும். வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் கிடந்தால் எடையும் இனிப்பும் சேர்ந்தே போகும். தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போட்ட வயல் கரும்பு வெல்லத்தைக் கறுக்க வைக்கும். வயலைப் பார்த்து, கரும்புக்காரரிடம் உரக் கணக்கைக் கேட்டு வாங்குவது நல்லது.

முதல் பருவத்தில் குழு சொந்தமாகக் கரும்பு வாங்காமல், விவசாயிகள் கொண்டுவரும் கரும்பைக் கூலிக்கு ஆட்டி வெல்லமாக்கிக் கொடுப்பது பாதுகாப்பானது. லாபம் குறைவுதான், விலை விழுந்தால் அடியும் குறைவு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி ஆரம்பிக்கும் யோசனை இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். முன்பணம் கொடுத்தவரே விலையைச் சொல்வார். சரக்கை வேறு எங்கும் கொண்டுபோக முடியாது.

ஏலத்துக்கு வருவோம். பிலிக்கல்பாளையம் சந்தையில் வெல்லத்தின் நிறம் விலை பேசும். வெளுத்த மஞ்சளுக்குக் கூடுதல் விலை என்பதால்தான் சில கொட்டகைகளில் சர்க்கரையைக் கலப்பதும் ஹைட்ரோஸ் போடுவதும் நடக்கிறது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். சர்க்கரை கலந்தால் அது கலப்படம். உணவு பாதுகாப்புத் துறை சோதனைக்கு வந்தால் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்போது அது குழுவின் பெயராக இருக்கும். சுண்ணாம்பும் வெண்டைச் சாறும் கொண்டு அழுக்கெடுத்த வெல்லம் நிறத்தில் சற்று மட்டுதான். ஏலத்தில் விலையும் சற்றுக் குறையும். ஆரம்பத்தில் இதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு பகுதியை அரை கிலோ, ஒரு கிலோ பொட்டலமாக நாமக்கல், சேலம் கடைகளுக்கும் உழவர் நிறுவனங்களுக்கும் நேராகக் கொடுத்தால் அந்தக் குறையை ஈடுகட்டலாம். அதற்கு உணவு பாதுகாப்புப் பதிவோ உரிமமோ முதலிலேயே எடுக்க வேண்டும். ஏலத்துக்கு ஒரே ஆளை அனுப்பாமல் முறை வைத்து இருவராகப் போவது நல்லது. நான்கு வாரம் போனால் போதும், அங்கிருப்பவர்களுக்கும் பழகிவிடும்.

பணத்துக்கு வழி: குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இயந்திரச் செலவுக்கு 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று வகை செய்யப்பட்டிருக்கிறது. உணவு பதப்படுத்தும் மகளிர் குழுக்களுக்கு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் தொடக்க மூலதனமும் உண்டு. ஆனால் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 4 லட்சம் ரூபாய்தான் என்பதால் 12 பேருக்கும் சேர்த்து அதற்கு மேல் கிடைக்காது. நாமக்கல் மாவட்டத் தொழில் மையத்திலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் குழுத் தீர்மான நகல், சேமிப்புப் பாஸ்புக், குத்தகைப் பத்திரத்தின் வரைவு ஆகியவற்றோடு போய், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரிக்கலாம். மானியத்தை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்; அது வரும்போது வரட்டும்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டு, இப்போது ஓடும் கொட்டகையிலேயே ஒரு கொப்பரையைக் குழுவே காய்ச்சிப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் போகும் கரும்பையும் இறக்கிய வெல்லத்தையும் எடைபோட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எரிந்த சக்கை போதுமா, விறகு வாங்க நேர்ந்ததா, எத்தனை மணி நேரம், எத்தனை ஆள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று நாள் மூன்று கொப்பரை பார்த்தால், உரிமையாளர் கேட்கும் குத்தகைத் தொகை நியாயமா என்று நோட்டைப் பார்த்தே பேசலாம்.