பிள்ளைகளை அறிந்தவர்களை அனுப்பிவிட்டு

அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு 1965 முதல் ‘டைட்டில் ஒன்’ என்ற தனி நிதியைத் தருகிறது. அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸின் கொட்டுல்லா ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பசியோடு வகுப்புக்கு வருவது என்றால் என்னவென்று கண்ணால் பார்த்தவர். அந்த நிதி வந்தும் தேறாத பள்ளிகளை என்ன செய்வது என்பதில்தான் இன்றுவரை தடுமாற்றம். ஒபாமா காலத்தில் இப்பள்ளிகளின் மேம்பாட்டுக்கென்று சுமார் 700 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் தலைமையாசிரியரை மாற்ற வேண்டும். அனுமதித்த வழிகளில் ஒன்றில் பழைய ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. பள்ளியை வேறு நிர்வாகத்திடம் ஒப்படைப்பது, இழுத்து மூடுவது என்ற வழிகளும் இருந்தன. மதிப்பெண்ணிலோ கல்லூரிச் சேர்க்கையிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று, கல்வித்துறையே செய்வித்த ஆய்வு 2017-இல் சொன்னது. எனக்கு இதில் வியப்பில்லை. எந்தப் பிள்ளை ஏன் மட்டம் போடுகிறது, எந்த வீட்டில் அம்மா இரவு வேலைக்குப் போகிறாள் என்று அறிந்தவர்களை அனுப்பிவிட்டுப் பள்ளியை எப்படித் தூக்கி நிறுத்துவது? 2015-இல் வந்த கல்விச் சட்டம் இந்தப் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. கடைநிலையில் உள்ள 5 சதவீதப் பள்ளிகளை அவை கண்டறிய வேண்டும், டைட்டில் ஒன் நிதியில் 7 சதவீதத்தைப் பள்ளி மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் நல்ல ஆசிரியரை அதே பள்ளியில் ஐந்தாறு ஆண்டு தங்க வைக்கவும், வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தினமும் தனியே சொல்லிக்கொடுக்கவும் போகட்டும். உதவித் திட்டத்தை நடத்தும் அதிகாரியும் அறிக்கை கேட்பதைக் குறைத்து, வகுப்பறையில் வந்து உட்காரட்டும்.