லீவும் சிகிச்சைதான்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என்னோடு ஒரு குழாயும் வந்தது. அக்குளுக்குக் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் குழாய், அதன் முனையில் ஒரு டப்பி. அதில் சேரும் செந்நீரை நாள்தோறும் அளந்து, எத்தனை மில்லி என்று நோட்டில் குறிக்க வேண்டும். அளவு நன்றாகக் குறைந்த பிறகுதான் டாக்டர் குழாயை எடுப்பார். அதுவரை டப்பியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நடமாட்டம். அந்தக் கோலத்தில் இருக்கும்போதே, பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்: "லீவு எதுவரைக்கும்?"

அன்பாகக் கேட்டதுதான். ஆனால் தையல் ஆறியதும் ஆள் குணமாகிவிட்டாள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இந்தச் சிகிச்சையின் கணக்கு வேறு. அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் கை சட்டென்று மேலே போகாது. சுவரில் விரல்களை ஊன்றி, எறும்பு ஊர்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இன்று விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நாளை அதைத் தாண்டப் பார்க்க வேண்டும். இந்தப் பயிற்சியை விட்டால் தோள் இறுகிப்போகும். கை வீங்கும் அபாயம் வேறு, அது பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். பலருக்கு இதன் பிறகு கீமோ, அப்புறம் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ரேடியேஷன். இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதப்படாவிட்டாலும், அந்த நேரமும் மருந்துதான்.

ஆபீஸ் கொடுத்த லீவை வீடு எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. "வீட்லதானே இருக்கா" என்ற ஒரு சொல் போதும். தேங்காய் துருவுவது, ஈரத் துணி பிழிவது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, எல்லாம் அந்தக் கையைத் தேடி வந்துவிடும். ஆபரேஷன் செய்துகொண்டவளின் கணவரும் பிள்ளைகளும் அந்த வாரங்களில் அடுப்படியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும்.

லீவு என்ற சொல்லையே எடுக்கப் பயப்படும் பெண்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு, நம் ஆர்.சி.சி.க்கு, கன்னியாகுமரி, திருநெல்வேலி பக்கமிருந்து தினமும் ஆட்கள் வருகிறார்கள். காத்திருக்கும் வரிசையில் நாகர்கோவில் தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே என் பக்கத்தில் இருந்தவள் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் பார்ப்பவள். "எக்கா, ஒரு மாசம் கழிச்சுப் போனா நான் நின்ன இடத்துல வேற பிள்ளை நிக்கும்" என்றாள். நோயைவிட அந்த இடத்தைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இந்தத் திட்டத்தில் வருகிறார்கள். சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை, 70 சதவீதச் சம்பளம். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு ஆண்டு வேலையும் சந்தாக் கணக்கும் சரியாக இருந்தால் 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். பிடித்தம் தெரிந்த பலருக்கு இந்த உரிமை தெரியவில்லை.

கேரளத்தில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-இல் சட்டம் திருந்தியது, 2021-இல் தமிழ்நாடும் அதைச் செய்தது. நாள் முழுக்க நிற்கும் உடம்புக்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சட்டத்துக்குப் புரியவைத்தவர்கள் அவர்கள். சிகிச்சை முடிந்து வருபவளுக்கு அவளுடைய இடம், முதல் சில வாரங்களுக்குக் குறைந்த நேரம், பாரம் தூக்காத வேலை என்று அடுத்தபடியாகக் கேட்பதில் என்ன தவறு? முதலாளிகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ.கூட இல்லாத முந்திரி ஆலைப் பெண்ணும் வீட்டுவேலை செய்பவளும் இருக்கிறார்கள். அவர்களுடைய கூலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தால், அட்மிட் ஆவதற்கு முன்பே இரண்டு காரியம் செய்யுங்கள். முழுச் சிகிச்சைக்கும் எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை ஆபீஸிலும் வீட்டிலும் காட்டி, இத்தனை மாதம் எனக்கு வேண்டும் என்று குரல் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.